அரக்கனுக்கு இவ்வளவு உழைப்பு, நாயகிக்கு ஏன் இல்லை?

மருதாணிக்கோடு (வெள்ளவத்தை):

போன வாரம் இரவுரெண்டர் இங்கே, நம் ஓவியக் குழுவில், பகிர்ந்த ‘சதுப்பின் காவலி’ படத்துக்கு எல்லோரும் இதயம் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெல சதுப்பு, இரவு. இடப்பக்கம் தண்ணீருக்குள் இருந்து ஓர் அரக்கன் எழும்புகிறான். முதலை உடம்பு, தென்னிலங்கை அம்பலாங்கொடையில் செதுக்கும் மர முகமூடிபோல் தலை, பிதுங்கிய கண்கள், வெளியே நீண்ட பற்கள். வலப்பக்கம் வாளை அவன்மீது நீட்டியபடி ஒரு பெண். உலோகக் கச்சை, இடுப்பில் சிறு துணி.

அரக்கன் உண்மையிலேயே உயர்ந்த வேலை. செதில்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. கழுத்து மடிப்பில் சிறுத்து, முதுகில் பருத்து வருகின்றன. விலாவில் எப்போதோ பட்ட காயம் ஆறிய தழும்பு. தாடையில் பாசி. ஒரு பல் முறிந்திருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் அவன் அங்கேதான் கிடந்தான் என்று நம்ப முடிகிறது.

அவளைப் பாருங்கள். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நிற்கிறாள், தோலில் ஒரு துளி ஈரம் இல்லை. முடி காற்றில் பறக்கிறது, பின்னால் உள்ள நாணல் அசையவில்லை. கால் தண்ணீரைத் தொடும் இடத்தில் நிழலும் இல்லை, நீர் வளையமும் இல்லை. அரக்கன்மேல் நிலவு நீலமாக விழுகிறது. அவள் முதுகில் மட்டும் ஒரு செம்மஞ்சள் வெளிச்சம், எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை. முகம் டாஸ் ஸ்டூடியோ என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவத்தைத் திறந்தவுடன் வருகிற முகம். அந்தக் கச்சையோ இரண்டு கிண்ணமாகப் பிரிந்த மார்புத் தகடு. விழுகிற அடியை நேரே நடு நெஞ்செலும்புக்குத் திருப்பிவிடும் என்று கவசம் பற்றித் தெரிந்தவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அவளுடைய பார்வை. கை எட்டும் தூரத்தில் வாய் பிளந்த அரக்கன் நிற்க, அவள் நம்மைப் பார்க்கிறாள். சண்டை அவளுக்கு நடக்கவில்லை. அவளை நமக்குக் காட்டுவதற்காக நடக்கிறது. இது ஒரு படத்தின் பிரச்சினை இல்லை, நம்மில் பலர் இப்படித்தான் செய்கிறோம். அரக்கனுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்கிறோம், நாயகிக்கு உடம்பின் வெளிக்கோட்டை மட்டும் கொடுக்கிறோம். ஏன்?


இரவுரெண்டர் (கொட்டாஞ்சேனை):

அக்கா, ஒரு ஆள் இவ்வளவு உன்னிப்பாப் பார்த்திருக்கிறார் எண்டது எனக்குச் சந்தோசம். ஆனா நீங்கள் சொன்னதில பாதியை நான் ஏற்கமாட்டன்.

அரக்கனை நான் பிளெண்டர் எண்ட முப்பரிமாண மென்பொருளில ஒரு உருண்டையில இருந்து செதுக்கினது. ஆயத்த மொடல் கிடையாது, அதால ஒவ்வொரு பல்லையும் நானே யோசிக்க வேண்டி வந்தது. பெண் உருவம் டாஸில ஆயத்தமாக் கிடைக்குது. எலும்பு, மூட்டு, தோல், கண்ணுக்குள்ள இருக்கிற ஈரம் வரைக்கும் செய்து தந்திருக்கிறாங்கள். அதை முழுக்கப் புதுசாச் செதுக்கிறது எண்டால் அது வேற ஒரு வேலை. என்னட்ட இருக்கிறது 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட். டாஸில காட்சியைக் கணிச்சுப் படமாக்கிற, அதாவது ரெண்டர் செய்யிற, ஐரேயில காட்சி அந்த நினைவகத்துக்குள்ள அடங்காட்டி முழுப் பாரமும் பிராசசருக்குப் போகும், பிறகு விடிய விடிய ஓடும். 2022இல டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குப் போன நேரம் யூனிட்டி பிளாசாக் கணினிக் கடையளில கார்ட் விலை விசாரிச்ச எல்லாருக்கும் தெரியும், ஏன் நாங்கள் இன்னும் பழையதையே வச்சிருக்கிறம் எண்டு. அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்பவும் ரெண்டர் போட்ட ஆக்கள் நாங்கள். உழைப்பை எங்க கொட்டுறது எண்டு தெரிஞ்செடுக்கத்தான் வேணும்.

செம்மஞ்சள் வெளிச்சத்துக்குக் காரணம் இருக்கு. அது கட்டுநாயக்க அதிவேக வீதி விளக்கு. 2013இல திறந்த வீதி, முத்துராஜவெல பக்கத்தாலதான் போகுது. இரவில பஸ்ஸில வரேக்க அந்த நீலத்துக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவில சதுப்பு கிடக்கிறதைப் பார்த்துத்தான் இந்தப் படமே எனக்கு வந்தது.

பார்வையும் நான் வேணுமெண்டு வச்சதுதான். கற்பனை ஓவியம் ஆசையில இருந்து பிறக்குது. அமெரிக்கக் கற்பனை ஓவியர் பிராங்க் பிரசெட்டா காலத்தில இருந்து அப்படித்தான். பெண் வடிவா, பலமா, கிட்டத்தட்ட வெற்றுடம்பா இருப்பாள், அரக்கன் பயங்கரமா இருப்பான். எனக்கு வெளிநாட்டில இருந்து கொமிஷன் (காசு தந்து படம் செய்விக்கிற வேலை) தாற ஆக்களும் அதைத்தான் கேக்கினம். ஆசையைக் கழிச்சுப்போட்டா மிஞ்சிறது உடற்கூற்றுப் பாடப்படம்.


மருதாணிக்கோடு:

பிரசெட்டாவை எடுத்ததால் அவரையே வைத்துப் பேசுவோம். அவருடைய பெண்களுக்கு எடை இருக்கிறது. உட்கார்ந்தால் தொடை அமுங்குகிறது, நின்றால் ஒரு பாதம் மண்ணை அழுத்துகிறது. முகத்தில் பாதியை இருட்டு விழுங்கிவிடும், அவர் அதைக் காப்பாற்ற முயலமாட்டார். அரக்கன் எந்தப் புழுதியில் நிற்கிறானோ அதே புழுதி அவள் மேலும் படிந்திருக்கும். ஆசையைக் கழிக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. ஆசைப்படுவதற்கு அங்கே ஒருத்தி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நினைவகக் கணக்கையும் நான் ஏற்கவில்லை. முக அளவுகளை மாற்றும் டயலுக்கு ஒரு மெகாபைட்கூடச் செலவில்லை. ஒரு புருவத்தைச் சற்று உயர்த்துங்கள், மூக்கை ஒரு பக்கம் கொஞ்சம் சாயுங்கள், தாடையை அகலமாக்குங்கள். மனித முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றாக இருப்பதே இல்லை. ஈரத்தையும் சேற்றையும் ரெண்டர் முடிந்த பிறகு கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் மேலே தீட்டலாம், கிரிட்டா இலவசம். கீழே உள்ளதைக் கருமையாக்கும் ஒரு மல்டிப்ளை லேயரில் சேறு, அதற்கு மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாக ஈர மினுக்கம். பாசிக்குப் பொறுமை இருந்தது, முழங்காலுக்கு ஏன் இல்லாமல் போனது?

அதிவேக வீதி விளக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த விளக்கு அரக்கனின் முதுகிலும் விழ வேண்டுமே. அவன்மேல் விழாத வெளிச்சம் அவளை அழகாக்க மட்டும் வந்த வெளிச்சமாகத்தான் தெரியும்.


ஸஹ்ரா_ஸ்கெட்ச் (தெமட்டகொட):

கால், நிழல், முகம் எல்லாவற்றிலும் மருதாணி அக்காவோடு நிற்கிறேன். கச்சை விஷயத்தில் நிற்க முடியாது.

நான் ஈட்டி பிடித்த பெண்களை வரைகிறேன். சேலையை வரிந்து கட்டி, கை தெரிகிற மாதிரி. ஒரு படத்தில் மணிக்கட்டைப் பிழையாக வரைந்திருந்தேன், ஈட்டியை அந்தக் கோணத்தில் பிடிக்கவே ஏலாது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. வந்த கருத்தெல்லாம் உடுப்பைப் பற்றித்தான். ஏன் இவ்வளவு தெரியுது, யாருக்காக வரைகிறாய், வீட்டில பார்த்தாங்களா. அதற்குப் பிறகு இரண்டு தோழிகள் வரைந்ததைக் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். விமர்சகர் உடுப்பில் தொடங்கினால் கூட்டம் உடுப்பிலேயே நின்றுவிடும். நீங்கள் நெஞ்செலும்பைப் பற்றி எழுதுகிறீர்கள், வாசிக்கிறவர் மூடு என்று வாசிக்கிறார்.

அந்தக் கவசக் கணக்கு நியாயமான கணக்கும் இல்லை. இவ்வளவு பெரிய தலையை இந்தக் கழுத்து தாங்குமா, இந்தப் பல்லோடு வாயை மூட முடியுமா என்று அரக்கனிடம் யாராவது கேட்டீர்களா? அவனுக்குக் கற்பனை அனுமதி தாராளமாகக் கிடைக்கிறது. அவளிடம் மட்டும் பாதுகாப்பு அதிகாரி மாதிரி விசாரணை.


பழஞ்சுவடி (பம்பலப்பிட்டி):

பிள்ளைகளே, இந்த வழக்கு நம் தீவில் பழையது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்த, பௌத்தர் வழிபட்ட தாரா தேவியின் சிலையை அறிந்திருப்பீர்கள். 8ஆம் நூற்றாண்டு வெண்கலம், பொன் முலாம் பூசியது, 143 சென்டிமீட்டர் உயரம். இலங்கையின் முன்னாள் பிரித்தானிய ஆளுநர் பிரவுன்றிக் அதை 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மார்பு திறந்த பெண்ணுருவம் பொதுமக்கள் பார்வைக்கு ஆகாது என்று சொல்லி ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதை உள்ளறையில் வைத்து, ஆய்வாளருக்கு மட்டும் காட்டினார்கள். வழிபடுவதற்கென்று வார்த்த உருவம் அது. இடுப்பு ஒசிந்து, வலக்கை தாழ்ந்து வரமளிக்கிறது. அதன் பிரதி நமது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருமுறை போய் அதன் முன்னால் நின்று பாருங்கள். உடம்பு எவ்வளவு திறந்திருந்தாலும் அவள் நமக்காக நிற்பதாகத் தோன்றாது. அந்த அமைதி அவளுடைய சொந்த அமைதி. ஆகவே உடுப்பின் அளவில் விடை இல்லை என்ற ஸஹ்ராவின் கட்சியில் நானும் சேர்கிறேன்.

பார்வையைப் பற்றி மருதாணி சொன்னதற்கு மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகையில் சான்று உண்டு. 7ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம். தேவி சிங்கத்தின்மேல் இருந்து வில்லை வளைத்து முன்னேறுகிறாள். எருமைத் தலையும் மனித உடலுமாக மகிடன், தண்டாயுதத்தை இறுகப் பிடித்தபடி பின்னோக்கிச் சாய்கிறான். அவளைவிட அவன் பெரியவன். தலையில் மகுடம், உடலில் ராஜ களை. சிற்பி அவனைக் கேவலப்படுத்தவில்லை, அவன் தரத்தைக் குறைத்தால் அவள் வெற்றியும் குறையும் என்று தெரிந்தவன். தேவியின் மேனியிலும் ஆடை சொற்பம்தான். ஆனால் வில், சிங்கம், பூதகணங்கள் எல்லாமே மகிடனை நோக்கி ஓடுகின்றன. பார்க்க வந்த நம்மை அந்தக் கல்லில் யாரும் பொருட்படுத்தவே இல்லை.

சிகிரியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் தீட்டிய பெண்கள். பின்னாளில் அங்கே ஏறிப்போனவர்கள் கண்ணாடிபோல் மெருகிட்ட சுவரில் கவிதை கீறி வைத்தார்கள், தொல்லியலாளர் பரணவிதான 1956இல் அவற்றில் 685ஐ வாசித்து வெளியிட்டார். எழுதியவர்களில் பெண்களும் உண்டு. இவள் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்பது அங்கே திரும்பத் திரும்ப வருகிற ஏக்கம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பார்வையாளன் படத்துப் பெண்ணிடம் கேட்பது அதே கேள்விதான்.


இரவுரெண்டர்:

ஐயா, மாமல்லபுரச் சிற்பத்தை நான் இப்படி யோசிச்சதில்லை, இண்டைக்கு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். ஆனா அது கோயில் கலை. பார்க்கிறவர் ஏற்கனவே பக்தியோட வாறார், கதையும் தெரிஞ்சு வாறார். என்ர படம் போனில விரலால தள்ளிக்கொண்டு போற ஆளை ஒரு வினாடி நிப்பாட்ட வேணும். கண் கண்ணைச் சந்திச்சாத்தான் நிப்பார். இது தொழிலின் உண்மை. மருதாணி அக்காவும் கதைப் புத்தக அட்டை வரைஞ்சு சம்பாதிக்கிறவதான், அவவுக்கும் இது தெரியும்.


மருதாணிக்கோடு:

தெரியும். அட்டையில் நாயகி வாசகரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிற பதிப்பாளர்களோடுதான் என் தொழில். பார்க்க வைக்கிறேன். ஆனால் அப்போது பின்னால் அரக்கனை வாய் பிளக்க வைப்பதில்லை. அவன் தூரத்தில் நிழலாக இருப்பான், அல்லது படுத்திருப்பான். ஒரு படத்துக்குள் இரண்டு கதை ஓடினால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.


வேடமுகம் (கொஹுவல):

நாயகியைப் பற்றிப் பேசியாயிற்று, நான் அரக்கனின் தலைக்கு வருகிறேன். அந்தத் தலை சிங்கள மரபில் மாரு ராக்ஷ எனும் அரக்க முகமூடியை ஒட்டியது. ராக்ஷ முகமூடிகள் கோலம் என்ற முகமூடி நாடக ஆட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரியவை: நாக ராக்ஷ, குருளு ராக்ஷ, மாரு ராக்ஷ. சன்னி முகமூடிகள் வேறு, அவை நோய் தீர்க்கும் சடங்குக்கு உரியவை, 18 சன்னிகள். ஒவ்வொரு சன்னியும் ஒரு நோய். ஒன்று பார்வையிழப்பு, ஒன்று செவிடு, ஒன்று ஊமை. ஆட்டக்காரர் அந்த நோயைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டு நோயாளியின் முன்னால் வருகிறார். விடிய விடிய மேளம், கேலிப் பேச்சு. படையலை வாங்கிக்கொண்டு சன்னி போய்விடும். அங்கே யாரும் வாள் எடுத்து அதை வெட்டுவதில்லை, பேசி அனுப்புகிறார்கள்.

நம் ஆட்கள் இந்த முகங்களை எடுத்து வெளிநாட்டு விளையாட்டுகளில் கடைசிக் கட்டத்தில் வருகிற எதிரி மாதிரி வெட்டுவதற்கு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். நாம் தமிழர், சிங்களச் சடங்கின் முகத்தைத் தொடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டுத் தோவிலின் (பேயோட்டும் சடங்கின்) மேளம் கேட்டு வளர்ந்தவன் நான். தொட்டால் அது எதற்கு இருந்தது என்று தெரிந்து தொட வேண்டும்.

ஒரு தகவலும் உண்டு. அந்த முகமூடிகளைக் கதுரு மரத்தில்தான் செதுக்குகிறார்கள். இலேசான மரம், ஈரச் சதுப்பு நிலத்தில் வளர்வது. இரவுரெண்டர் தெரிந்து செய்தாரோ தெரியாது, அந்த முகம் சதுப்பிலிருந்து எழும்புவது பொருத்தமானது.


இரவுரெண்டர்:

தெரிஞ்சுதான் செய்தன் அண்ணா. தாடையில செதிலுக்குக் கீழ மரவரி போகுது, பெரிசாக்கிப் பாருங்கோ.


பிக்சல்தம்பி (தெகிவளை):

இவ்வளவு சண்டை எதற்கு? ஏஐயிடம் நாலு வரி எழுதினால் ஈரத் தோல், சேறு, நிழல் எல்லாம் சரியாக ஒரு நிமிஷத்தில் வரும். நான் நேற்றே ஐந்தாறு எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. பார்க்கிறவருக்கு எப்படிச் செய்தது என்பதா முக்கியம்?


இரவுரெண்டர்:

தம்பி, ஈரமும் நிழலும் வரும், ஒத்துக்கொள்ளுறன். விலாவில தழும்பு ஏன் அங்க இருக்கு எண்டு கேட்டால் உங்களால பதில் சொல்ல ஏலுமா? எனக்கு ஏலும். அது வலைக் கம்பி வெட்டினது.

2022 ஓகஸ்டில ஸ்டேபிள் டிஃபியூஷன் எண்ட படம் உருவாக்கிற ஏஐ வெளியில வந்த கையோட, போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின்ர பேரை ஆயிரக்கணக்கான ஆக்கள் கட்டளை வரியில எழுதத் தொடங்கினவை. அவர் வரைஞ்சது அரக்கனும் டிராகனும் வீரரும்தான், எங்கட துறை. அவரிட்ட ஒருத்தரும் கேக்கேல்ல. தன்ர பேரைத் தேடினால் தான் வரையாத படங்கள் வருது எண்டு அவர் வெளிப்படையாச் சொன்னவர். அந்த வழிக்கு நான் வரமாட்டன்.


மருதாணிக்கோடு:

இதில் நானும் இரவுரெண்டரும் ஒரே பக்கம். பிக்சல்தம்பி, நீங்கள் எடுத்த அந்தப் படங்களில் பெண் எங்கே பார்க்கிறாள் என்று திறந்து பாருங்கள். ஏற்கனவே குவிந்து கிடக்கிற படங்களிலிருந்து கற்ற இயந்திரம் அந்தக் குவியலின் பழக்கத்தைத்தான் திருப்பித் தரும். பழக்கத்தை மாற்றுவது பற்றித்தான் இங்கே பேச்சு.


பிக்சல்தம்பி:

எல்லாவற்றிலும் கமராவைத்தான் பார்க்கிறாள். ஆனால் எழுதிக் கேட்டால் திருப்பலாம் அக்கா. திருப்ப வேண்டும் என்று தோன்றுவதுதான் மனிதர் வேலை என்றால், அதை நானும் செய்யலாம்தானே?


பழஞ்சுவடி:

செய்யலாம். அப்படித் தோன்றுவதற்குக் கண் பழக வேண்டும், கண் பழகுவதற்குக் கை பழக வேண்டும் என்பது என் எண்ணம். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் சித்திரம் படிப்பித்தவன் சொல்கிறேன். காலைப் பார்த்து ஒருமுறை வரைந்த பிள்ளைக்குத்தான் பிறகு கால் கண்ணில் படும்.

வேடமுகம் சொன்னதைத் தொட்டு ஒன்று. போரைப் பாடும் நம் பரணி இலக்கியத்தில் பேய்களுக்குப் பசி உண்டு, குடும்பம் உண்டு, தலைவி உண்டு. கலிங்கத்துப்பரணியில் அவை காளியிடம் கூடிப்போய்ப் பசி தாங்கவில்லை என்று முறையிடுகின்றன. போர் முடிந்தபின் களத்திலேயே கூழ் காய்ச்சுகின்றன. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் அரக்க உருவங்களுக்கு ஒரு சமுதாயத்தையே படைத்துக் கொடுத்தார். காளி அவற்றின் பகைவி அல்லள், அவற்றின் அரசி. நாயகியும் கோர உருவமும் எதிரெதிரே நின்றுதான் ஆக வேண்டும் என்று நமக்கு யார் விதித்தது?

காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி போனவர். அழகிய உடம்பை உதறிப் பேயுருவை வரமாகக் கேட்டு வாங்கினார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு என்று தம் பதிகத்தில் அந்த உருவத்தைத் தாமே பாடினார். பொலன்னறுவையில் கிடைத்த சைவ வெண்கலங்களில் அவர் உருவமும் உண்டு, கையில் தாளத்தோடு. நாயகியும் அவரே, பேயும் அவரே.


இரவுரெண்டர்:

ஐயா, நான் சொல்லாமல் விட்ட ஒண்டை நீங்கள் சொல்லிப்போட்டியள். படத்துக்கு நான் வச்ச பேர் ‘சதுப்பின் காவலி’. அவள் அரக்கனோட சண்டை பிடிக்க வந்தவள் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து அந்த இடத்தைக் காக்கிறாங்கள். மண் நிரப்ப வாற ஆள், குப்பை கொட்ட வாற ஆள், வலையைக் கட்டிப்போட்டுப் போற ஆள் முன்னால நிக்கிறான். அந்த ஆள்தான் படத்தைப் பார்க்கிறவர். அவள் நேரா நம்மைப் பார்க்கிறதுக்குக் காரணம் அது.


ஸஹ்ரா_ஸ்கெட்ச்:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால்! அப்படியென்றால் அந்தப் பார்வை படத்தின் உயிரே ஆகிவிடுகிறது.


மருதாணிக்கோடு:

ஆகிவிடும், படம் அதைச் சொன்னால். இப்போது சொல்லவில்லை. இரவுரெண்டர், கதை உங்கள் மனதில் இருக்கிறது, சட்டகத்துக்குள் வரவில்லை.

வாள் முனை அரக்கனை நோக்கி நீண்டிருக்கிறது. அவன் வாய் அவளை நோக்கிப் பிளந்திருக்கிறது. அவன் கண்மணியும் அவள் மேல்தான். இந்த மூன்று கோடும் சேர்ந்து சண்டை என்கின்றன. பார்வை மட்டும் தனியாக வேறு எதையோ சொல்கிறது. பார்க்கிறவர் மூன்றைத்தான் நம்புவார்.

அரக்கனின் கண்ணையும் நம் பக்கம் திருப்புங்கள். நான்கு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால் இவர்கள் ஒரு கட்சி என்று யாரும் விளக்கத் தேவையில்லை. வாயை மூடவிடுங்கள். மூடிய வாயில் அந்த முறிந்த பல் இன்னும் நன்றாகத் தெரியும், பயமும் கூடும். அவள் இடக்கை வெறுமனே இடுப்பில் இருக்கிறது, அதை அவன் கழுத்துச் செதிலில் வையுங்கள். தொடுகிற இடத்தில் நிழல் கட்டாயம். கமராவையும் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். இப்போது மேலிருந்து பார்க்கிறோம், அது அவளை மேய்கிற உயரம். கீழே போனால் அத்துமீறி வந்தவன் சேற்றில் நிற்கிற உயரம் கிடைக்கும். அவர்கள் இருவரும் நம்மைக் குனிந்து பார்ப்பார்கள்.

முகத்தில் சமரசம் வேண்டாம். காவலுக்கு நிற்கிறவளுக்கு ஒரு வயது இருக்கும், வெயில் பட்ட தோல் இருக்கும், தூங்காத கண் இருக்கும். இப்போது உள்ள முகம் நேற்றுத்தான் அந்தச் சதுப்புக்கு வந்தது.


வேடமுகம்:

ஒரு வரலாறும் தருகிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சதுப்பு ஒருகாலத்தில் கோட்டை இராச்சியத்தின் வயல். பின்னாளில் ஐரோப்பியர் வெட்டிய கால்வாய்கள் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து நெல் விளையாத நிலமாயிற்று. அவள் கையில் வாளுக்குப் பதில் அரிவாள் கொடுத்தால் அந்தக் கதையும் உள்ளே வந்துவிடும்.


இரவுரெண்டர்:

அரிவாள். அதை எடுத்துக்கொள்ளுறன். கண், வாய், கை, கமரா நாலும் செய்வன். அதிவேக வீதி வெளிச்சத்தை ரெண்டு பேருக்கும் பின்னால வைக்கிறன். அப்ப முன்பக்கம் இருட்டும், முகத்தில பாதி போகும். போகட்டும்.

கச்சையை மாத்தமாட்டன். கொமிஷன் வாறதுக்காகவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. சதுப்பில பிறந்து வளர்ந்தவள் உடம்பை மூடிக்கொண்டு நிக்க அவளுக்குக் காரணம் இல்லை. ஐயா சொன்ன தாராவுக்கு இருந்த உரிமை இவளுக்கும் இருக்கட்டும்.


ஸஹ்ரா_ஸ்கெட்ச்:

அதில் நான் உங்களோடு. ஆனால் அப்படியென்றால் அவள் உடம்பையும் சதுப்பில் வளர்ந்த உடம்பாக்குங்கள் அண்ணா. படகு தள்ளுகிறவளுக்குத் தோள் அகலமாக இருக்கும், முன்கை தடித்திருக்கும். இப்போது உள்ள கை அரிவாள் பிடித்த கை இல்லை. உடுப்பைக் குறைக்க உரிமை கேட்கிறவர் உடம்பை உண்மையாக வரையவும் கடமைப்பட்டவர்.


மருதாணிக்கோடு:

கச்சை எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இரண்டு கிண்ணம் கடையில் வாங்கிய வடிவமாகத்தான் எனக்குப் படுகிறது, நீங்கள் வைத்திருப்பதென்றால் வைத்திருங்கள். ஆனால் அது எந்த உலோகம் என்று முடிவெடுங்கள். இரும்பு என்றால் உப்புத் தண்ணீரில் துரு ஏறி, விளிம்பு அரித்து, துருநீர் வழிந்த கோடு தோலில் தெரிய வேண்டும். பித்தளை என்றால் மடிப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், தினமும் கை படுகிற இடம் மட்டும் மினுங்கும். வார் தோலென்றால் நனைந்து காய்ந்து வெடித்திருக்கும், எங்காவது ஒரு முடிச்சில் மீன்பிடி நூலால் கட்டியிருப்பாள். அந்தப் பாசிக்கு எடுத்த அதே தூரிகையை எடுங்கள். முடித்ததும் கால் பகுதியைத் தனியாகப் பெரிதாக்கி முதலில் போடுங்கள், அங்கிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன்.